அடுத்த அறையில் இருந்த யாழ்ப்பாணம்

பாரிஸில் லா ஷப்பலில் நான் வேலை செய்த அறை இப்போது முடி திருத்தும் நிலையமாகிவிட்டது. கீழே இருந்த புடைவைக் கடை அப்படியே இருக்கிறது. மரக்கறி வாங்க வரும் நாட்களில் அந்தக் கட்டிடத்தின் முன்னால் நின்று ஒருமுறை மேலே பார்ப்பேன். ஜன்னல் கண்ணாடியில் சுருட்டை முடியோடு ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறது. முன்பு அந்த ஜன்னலோரத்தில்தான் என் மகளின் தள்ளுவண்டி நிற்கும். பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் போகும்போது கண்ணாடி மெல்ல அதிரும். அவள் தூக்கத்தில் உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போவாள்.

எங்கள் முதலாளியை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். இளவயதில் பிரான்சுக்கு வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டே மாலை வகுப்புகளில் கணினி படித்தவர். தமிழ்க் கடைகளின் கல்லாவுக்கு மென்பொருள் எழுதி விற்றார். கல்லா என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'கெஸ்'தான். பெரிய நிறுவனங்களின் கெஸ்கள் பளபளப்பாக இருக்கும், ஆனால் முருங்கைக்காயை ஒரு கடை எண்ணி விற்கும், அடுத்த கடை நிறுத்து விற்கும் என்பது அவற்றுக்குத் தெரியாது. பழகிய ஆட்களுக்கு ஒரு பிடி பச்சை மிளகாயை விலை போடாமல் பைக்குள் வைப்பார்கள் என்பதும் தெரியாது. அண்ணையின் மென்பொருளுக்குத் தெரியும். அதனால் புறநகரில் லா கூர்னெவிலிருந்து பொபினி வரை அவருக்குக் கடைகள் இருந்தன.

நான் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வர்த்தகச் சட்டம் படித்தவள். இதைச் சொன்னால் கடைக்காரர்கள் என்னை அவொக்கா, அதாவது வழக்கறிஞர், என்று நினைத்துக்கொண்டு வீட்டு வாடகைச் சண்டைகளைக் கொண்டுவருவார்கள். உண்மையில் நான் அங்கே பற்றுச்சீட்டு அனுப்புவதும் தொலைபேசி எடுப்பதுமாக இருந்தேன். படித்த படிப்புக்கு இது வேலையா என்று அம்மா கேட்டபோதெல்லாம் எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

அந்த அறையின் ஒரு சுவரில் பெரிய காணொளித் திரை ஒன்று மாட்டியிருந்தது. அதன் மறுபக்கம் யாழ்ப்பாணத்தில் அண்ணையின் பெற்றோர் இருந்த வீட்டின் ஹோல், முன் கூடம். நான் அக்கா என்று கூப்பிடும் அண்ணையின் தங்கையும் அவரோடு சில இளம் பெண்களும் அங்கே கணினிகளின் முன்னால் இருப்பார்கள். பாரிஸில் ஒரு கடையின் கெஸ் வேலை செய்யாமல் இறுகிக்கொண்டால் அழைப்பு அங்கேதான் போகும். அவர்கள் அங்கிருந்தே கெஸ்ஸைத் திறந்து, கணக்கைப் பார்த்து, சரிசெய்துவிடுவார்கள். காலையில் நாங்கள் வந்ததும் திரையைப் போடுவோம், போகும்போதுதான் அணைப்போம். இடையில் யாரும் வணக்கம் சொல்வதும் இல்லை, போய்வருகிறேன் என்பதும் இல்லை. அங்கே குக்கர் விசிலடித்தால் எங்களுக்குப் பசிக்கும். இங்கே மழை பெய்தால் அவர்கள் எழுந்து தங்கள் முற்றத்துக் கொடியில் காயும் துணியைப் பார்ப்பார்கள். மின்வெட்டு நேரங்களில் திரை கறுத்துவிடும். அப்போது எங்கள் அறையே பாதியாகக் குறுகியது போலிருக்கும்.

மகள் பிறந்தபோது குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. என் விடுமுறை முடிந்துகொண்டிருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று நான் வீட்டில் தினமும் கேட்டு, கணவர் தினமும் உம்மிஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும். இஞ்சை ஆர் என்ன சொல்லப் போயினம்?"

"அழுவாள் அண்ணை."

"கடைக்காரர் அழுறதை விடவோ?"

அப்படித்தான் அவள் அந்த ஜன்னலோரத்துக்கு வந்தாள். திரையில் இருந்த அக்காவுக்கு அன்று முதல் வேலை இரட்டிப்பானது. கடைக்காரரோடு கதைத்தபடியே இவளுக்குக் கண்ணைச் சிமிட்டுவார். கையால் முகத்தை மூடித் திறப்பார். இவள் காலை உதைத்துச் சிரிப்பாள். அவளுடைய முதல் பெருஞ்சிரிப்பு எனக்கு வாய்க்கவில்லை. அந்தத் திரைக்குத்தான் வாய்த்தது. அப்போது அது எனக்குக் கொஞ்சம் சுட்டது. இப்போது நினைத்தால் இனிக்கிறது.

குழந்தைகளைப் பார்க்கும் தாதி ஒருவர் மூன்று வயது வரை திரையே காட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு நடக்கிறவள். அடுத்த நாளே வண்டியைத் திருப்பி ஜன்னலைப் பார்க்க வைத்தேன்.

"ஏன் பிள்ளை, அவவை அங்காலை திருப்பிப் போட்டீர்?" என்று அக்கா கேட்டார்.

"ஸ்கிரீன் கூடாதாம் அக்கா. தாதி சொன்னவ."

"நான் என்ன கார்ட்டூனோ?"

பின்னாலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வண்டியை அரைவாசி திருப்பி வைத்தேன். ஒரு கண்ணுக்கு மெத்ரோ, ஒரு கண்ணுக்கு அக்கா. தாதியும் கோபிக்கக் கூடாது, அக்காவும் கோபிக்கக் கூடாது. என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் அநேகமானவை அப்படிப்பட்டவைதான்.

அந்த வசந்தகாலத்தில்தான் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. சிறு கடைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களின் சங்கம் அது. எங்களைப் போன்ற தமிழர், துருக்கியர், துனிசியர், சீனர் என்று எல்லாரும் ஆளுக்கொரு சிறு அறையில் இருந்து நடத்தும் நிறுவனங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஆசிய நாடுகள் சிலவற்றோடு வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த மேசையில் தேயிலை, கார், சீஸ் என்றுதான் பேசுவார்கள். இப்போது மென்பொருளும் தரவும் அங்கே வந்துவிட்டன. பிரான்ஸ் தன் கருத்தை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்புமுன் தொழில்நுட்பத் துறையினரை மினிஸ்தேருக்கு, அதாவது அமைச்சுக்கு, கூப்பிட்டுக் கேட்கப்போகிறது, பெரிய நிறுவனங்களோடு எங்கள் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது, யார் போய் இருப்பது? எல்லாரும் அடுத்தவரைக் காட்டினார்கள். அண்ணை என்னைக் காட்டினார்.

"சீஸுக்குக் கதைக்க ஆள் இருக்கு. காருக்கு ஆள் இருக்கு. எங்களுக்கு ஆர் இருக்கினம்? நீர் படிச்சதே இதுக்குத்தானே," என்றார்.

சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. குழந்தைக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் முதலில் தோன்றியது.

அந்தக் கூட்டத்தில் பேசப்படவிருந்தவற்றில் எங்களைத் தொட்டது ஒன்றே ஒன்று. ஐரோப்பியக் கடைகளின் தரவை ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று ஒரு விதி. பெரிய நிறுவனங்கள் சில அதை விரும்பின. அவற்றுக்கு ஐரோப்பாவின் எல்லா நாடுகளிலும் கட்டிடங்கள் இருந்தன. நான் எங்கள் சங்கத்து நிறுவனங்களை ஒவ்வொன்றாக அழைத்துக் கேட்டேன்: வெளிநாட்டுச் சேவை நிறுவனம் எதையாவது பயன்படுத்துகிறீர்களா? இல்லை என்றார்கள். எல்லாருமே இல்லை என்றார்கள். சிலர் கோபித்துக்கொண்டார்கள், எங்களுக்கு ஏது அவ்வளவு காசு என்று. அண்ணையிடமும் கேட்டேன். மொனிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெளிநாட்டுக் கொம்பனியோ? எங்களிட்டையோ?" என்றார். நானும் தலையாட்டினேன். ஆட்சேபம் இல்லை என்று சொல்வதாக முடிவாயிற்று.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, அறையின் நடுவில் நின்று பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் பிரெஞ்சில். பிறகு அண்ணைக்கு விளக்கமாகத் தமிழில்.

"எங்கட சங்கத்தில உள்ள ஒருத்தரும் கடைகளின்ரை தரவை ஐரோப்பாவுக்கு வெளியில அனுப்பிறேல்லை. வெளியில இருந்து ஆரும் திறந்து பாக்கிறதும் இல்லை."

திரையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. காதில் தொலைபேசிக் கருவி, விரல் இன்னும் விசைப்பலகையில். பொபினிக் கடையொன்றின் அன்றைய விற்பனை அவர் முன்னால் திறந்து கிடந்தது.

"அப்ப நான் எங்கை இருக்கிறன் பிள்ளை?"

அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னாலிருந்த பெண்களும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினோம்.

எத்தனை மாதம் அந்தத் திரையின் முன்னால் இருந்து வேலை செய்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது எனக்கு அடுத்த அறை. அண்ணைக்கு அது அவருடைய வீடு, அங்கே இருப்பது தங்கை. வெளிநாட்டுச் சேவை நிறுவனம் என்ற சொற்களுக்குள் தங்கையை எப்படி வைத்துப் பார்ப்பார்?

அன்று மதியமே மற்றவர்களை மறுபடியும் அழைத்தேன். இந்த முறை கேள்வியை மாற்றினேன். சனிக்கிழமை பின்னேரம் கெஸ் இறுகினால் யார் தொலைபேசி எடுப்பார்கள் என்று கேட்டேன். துருக்கிக்காரர் உடனே சொன்னார், இஸ்மீரில் இருக்கும் அத்தை மகன் என்று. துனிசியருக்குத் தூனிஸில் தம்பி. சீனப் பெண்மணி, தன் தகப்பனார், ஓய்வு பெற்ற பின் ஊரில் சும்மா இருக்கிறார், அவர்தான், என்றார். இவ்வளவையும் வெளிநாடு என்று ஒருவரும் எண்ணியிருக்கவில்லை.

அந்த விதி வர்த்தக ஒப்பந்தத்தில் ஏறினால் யாழ்ப்பாணத்து ஹோல் மூடப்படும். அங்கிருந்த பெண்களில் ஒருத்தி, கலியாணப் பேச்சைத் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டில் சண்டை பிடித்து அந்த வேலைக்கு வந்தவள். வேலை போனால் அடுத்த மாதமே அவளை மணவறையில் இருத்திவிடுவார்கள் என்று அக்கா பகிடியாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து அடுத்த அழைப்பை எடுத்தாள். நாங்கள்தான் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல இருந்தோம்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றேன். அண்ணையின் முகம் மாறியது.

"மினிஸ்தேரில போய் எங்கட தரவு யாழ்ப்பாணத்தில நிக்குது எண்டு சொல்லப் போறீரோ? அடுத்த நாளே கொந்த்ரோல் எண்டு அதிகாரிமார் சோதிக்க வருவினம், விளங்குதே?"

"சட்டப்படி அனுப்பலாம் அண்ணை. ஒரு ஒப்பந்தம் இருக்கோணும், அவ்வளவுதான். அக்காவோட கொந்த்ரா போட்டிருக்கிறியளோ?"

"தங்கச்சியோட கொந்த்ரா போடுறதோ! உமக்கென்ன விசரோ?"

பிரெபெக்சர் என்ற அரச அலுவலகத்தின் வாசலில் விடியமுன் வரிசையில் நின்று அகதி விசா எடுத்தவர் அவர். அரசாங்கம் கேட்காத ஒன்றைத் தானாகச் சொல்வது அவருக்கு நடுக்கம். எனக்கு மட்டும் இல்லையா? அன்று வீட்டுக்குப் போகும் ரயிலிலும் அதே யோசனை. நான் பேசி அண்ணைக்கு ஏதாவது வந்தால்? பேசாமல் விட்டு அந்தப் பெண்களுக்கு வேலை போனால்? வீட்டில் கணவரிடம் கேட்டேன்.

"நீர் கதைக்காட்டி ஆர் கதைக்கிறது? அங்கை வாற பெரிய கொம்பனிக்காரரோ?" என்றார். பிறகு, "பிள்ளையை நான் வெளியில வைச்சிருக்கிறன். நீர் உள்ளுக்குப் போய்க் கதைச்சிட்டு ஓடிவாரும்."

அடுத்த நாள் நான் எழுதிக்கொண்டுபோன ஒப்பந்தத்தை அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு திரையின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார். அண்ணனும் தங்கையும் கதிரையில் நேருக்கு நேர் இருந்து, ஒருவருக்கொருவர் ஒப்பந்தத்தை வாசித்த அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

"கடைகளின்ரை கணக்கை ஆருக்கும் சொல்லக் கூடாது," என்று வாசித்தார் அண்ணை.

"மச்சாளுக்கும் சொல்லக் கூடாதோ?"

"ஆருக்கும்."

"அப்ப இதுவரைக்கும் சொன்னது?"

"உன்னை!" என்று அண்ணை கையை ஓங்கினார், கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து. அக்கா குனிந்து தப்பினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவேளை சிறுவயதில் அந்த ஹோலிலேயே இப்படித்தான் அடித்துப் பிடித்திருப்பார்கள்.

"லீவு எண்டு ஒரு பகுதி இருக்கு," என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார் அண்ணை.

அக்காவின் சிரிப்பு நின்றது. "எனக்கோ? லீவோ?"

"உனக்கும் பிள்ளையளுக்கும்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வேர்க்குது இஞ்சை," என்றார். பிறகு பேனையைத் தேடினார்.

ஆற்றங்கரையில் இருந்த மினிஸ்தேரின் பெரிய கட்டிடத்துக்கு நான் கறுப்புக் கோட்டோடு போனேன். பால் கசிந்தால் தெரியாத நிறம் அதுதான். கணவர் குழந்தையோடு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நீண்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். என் பக்கத்தில் இருந்தவர் பெரிய நிறுவனமொன்றின் ஆள். மற்றவர்களோடு பழகிய தோரணையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது எழுதிவைத்தது ஒன்றும் கண்ணில் படவில்லை.

எங்கள் சங்கத்தினர் தரவை வெளியே அனுப்புகிறார்கள் என்று தொடங்கினேன். யாருக்கு என்றால் தங்கைக்கு, தம்பிக்கு, அத்தை மகனுக்கு. அதையே ஒப்பந்தம் போட்டு முறைப்படி அனுப்புகிறார்கள், அல்லது அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். பெரிய நிறுவனத்துக்கு ஐரோப்பாவில் இன்னொரு கட்டிடம் எடுக்க முடியும். எங்களுக்குக் கட்டிடம் இல்லை, உறவுகள்தான் இருக்கிறார்கள். விதியை எழுதும்போது அவர்களுக்கும் ஒரு வாசல் விடுங்கள் என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார், இங்கேயே ஆள் எடுக்கலாமே என்று. முருங்கைக்காய் எந்தக் கடையில் எண்ணிக்கை, எந்தக் கடையில் நிறை என்று தெரிந்தவரை எங்கே எடுப்பது என்று கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தார்கள். தலைமை தாங்கிய அம்மையார் அந்தக் காயின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று எவ்வளவு நாள் நினைத்திருப்பேன். அரசாங்கக் கூட்டத்தில் முருங்கைக்காய்! வெளியே வந்தபோது கணவர், "என்ன, சண்டையோ?" என்றார். குழந்தை என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நானும் கொஞ்சம் அழுதேன்.

மாதங்களுக்குப் பிறகு பிரான்ஸ் அனுப்பிய கருத்தின் சுருக்கம் சங்கத்துக்கு வந்தது. சிறு நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் கீழ் வெளிநாட்டிலிருந்து செய்யும் பராமரிப்புச் சேவைக்கு விலக்கு வேண்டும் என்று அதில் ஒரு வசனம் இருந்தது. அது என் பேச்சால் வந்ததா, வேறு யாராவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. அண்ணை அந்தப் பக்கத்தைத் திரையில் பிடித்துக் காட்டினார். "இதிலை என்ரை பேர் இருக்கோ?" என்று அக்கா கேட்டார். இல்லை என்றதும், "அப்ப பரவாயில்லை," என்றார். பேச்சுவார்த்தை பிறகும் இழுபட்டு, விலக்கோடுதான் முடிந்தது. கொந்த்ரோல் வரவில்லை. ஹோல் மூடப்படவில்லை.

மூடப்பட்டது எங்கள் அறைதான். வாடகை ஏற, அண்ணை பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலுக்கு மாறினார். எனக்கு அது தூரம். மகளுக்குக் காப்பகத்தில் இடமும் கிடைத்திருந்தது. பொபினியில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எல்லாருக்கும் தனித்தனி அறை, கதவுகள் பூட்டியிருக்கும். நல்ல வேலைதான். ஆனால் மதிய நேரத்தில் சில நாட்களில் எங்கோ குக்கர் விசிலடிக்கும் என்று காது காத்திருக்கும்.

போன புதன்கிழமை பள்ளி இல்லாததால் மகளையும் கூட்டிக்கொண்டு மரக்கறிக் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். எங்கள் முறை வரும் நேரம் பார்த்து கெஸ் இறுகிக்கொண்டது. கடைக்காரர் அதில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"அடிச்சனீங்களோ?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"அக்கா!" என்றேன், வரிசையில் நின்றபடி.

"ஆரது? என்ரை பிள்ளையோ? எங்கை சின்னவ? பள்ளிக்கூடம் போறாவோ?"

"பக்கத்தில நிக்கிறா அக்கா."

"கடைக்கார அண்ணை, கெஸ்ஸைப் பேந்து பாப்பம். போனைச் சின்னவளிட்டைக் குடுங்கோ."

"சனம் நிக்குது தங்கச்சி!" என்று கடைக்காரர் கத்தினார். பின்னால் நின்ற ஒருவர், "குடுங்கோ, கெதியா முடியட்டும்," என்றார்.

மகள் இரண்டு கையாலும் தொலைபேசியை வாங்கினாள். "பொன்ஜூர்," என்றாள்.

"பொன்ஜூர் எண்டிறா! ஏய், நான் ஆர் எண்டு தெரியுமோ உமக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, அதன் திரையை உற்றுப் பார்த்தாள். அங்கே யாராவது இருக்கவேண்டும் என்பது போல. பிறகு ஒரு கையால் தன் முகத்தை மூடித் திறந்தாள்.

அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. கெஸ்ஸின் பெட்டி டிங் என்று தானாகத் திறந்தது. அவள் துள்ளி விலகி, சிரிக்கத் தொடங்கினாள்.